ஆடி அமாவாசைக்கு விருந்துண்ட வாக்காளர்கள்

சண்முகராசாவின் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய மன்றத்தில் உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள், செத்துப்போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இதைப் பற்றிச் சண்முகராசாவுக்கு முதலில் ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. செத்தவர்கள் சத்தம் போடமாட்டார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகவும் மாட்டார்கள். கீழே கடை வைத்திருப்பவனுக்கு மேலே இதைவிட நல்ல சனம் வாய்க்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு சேலைக்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு இருந்தது. மட்டன் றோல்ஸ், பற்றிஸ், உழுந்து வடை, தேத்தண்ணி. ஜெர்மனியில் இரும்புத் தொழிற்சாலையில் நின்று முதுகைக் கெடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்த சண்முகராசா, மனைவி நகுலேஸ்வரியின் கைப்பக்குவத்தை நம்பித் தொடங்கிய கடை. நம்பிக்கை வீண்போகவில்லை. லண்டனில் தள்ளியிருந்த செவன் கிங்ஸிலிருந்தும் எட்மண்டனிலிருந்தும்கூடப் பிறந்தநாள் வீடுகளுக்கு றோல்ஸ் சொல்லி எடுப்பார்கள்.

மேலே இருந்ததன் பெயர் முறம்பூலா வாக்காளர் மன்றம். முறம்பூலா என்பது ஆஸ்திரேலியா இன்னும் காலனிகளாக இருந்த காலத்தில் ஆடு வளர்த்த ஒரு காட்டுப்பிரதேசம். 1856இல் அங்கே ஒரு வாக்காளர் பட்டியல் அச்சிட்டார்கள். பெயர், இருப்பிடம், வாக்குரிமை எதனால் வந்தது என்று மூன்று விபரம். ஒருவருக்குச் சொந்தக் காணி, இன்னொருவருக்குக் குத்தகைக் காணி, வேறொருவருக்கு மேய்ச்சல் உரிமம். அந்தப் பட்டியலில் இருந்த ஒருவர் கம்பளியில் பணக்காரராகி லண்டனுக்குத் திரும்பினார். லண்டன் அவரை மதிக்கவில்லை. தன்னை மதித்த ஒரே கடதாசி அந்தப் பட்டியல்தான் என்று கண்டுகொண்ட மனுசன், இந்தக் கட்டடத்தை வாங்கி, மன்றம் ஒன்றை நிறுவி, பட்டியலில் உள்ளவர்களே அதன் நிரந்தர உறுப்பினர்கள் என்று சாசனம் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஒரு பெயரை வெட்டுவதென்றால், உரியவரை அழைத்து, அவர் முன்னிலையில்தான் வெட்டவேண்டும் என்றும் சாசனத்தில் இருந்தது. அழைப்புகள் ஒழுங்காக அனுப்பப்பட்டன. ஒருவரும் வரவில்லை. ஆகவே ஒரு பெயரும் வெட்டப்படவில்லை.

இதனால் மன்றத்தில் எந்த முடிவு எடுப்பதென்றாலும் செத்தவர்களின் பெரும்பான்மை வேண்டும். அதற்கென்று மூன்று காப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு வாக்காளரின் வாழ்க்கையையும் ஆராய்ந்து, அவர் இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பார் என்று கண்டுபிடிப்பார்கள். இதற்கு 'ஊகித்த விருப்பம்' என்று பெயர். மாடிப்படி மின்குமிழ் ஒருமுறை எரிந்துபோனது. புதிதாகப் போடலாமா என்று ஊகித்துப் பார்த்ததில், முறம்பூலாவில் பெரும்பாலானோர் தங்கள் ஆட்டுக் கொழுப்பிலேயே மெழுகுதிரி செய்தவர்கள், மின்குமிழுக்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்று தெரியவந்தது. அன்றிலிருந்து மாடிப்படி இருட்டு. மன்றம் தீர்மானிக்காத எதுவும் இருந்தபடியே இருக்கும் என்பதும் சாசனம்தான்.

2009ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த இருட்டுப் படிகளில் சண்முகராசா தடவித் தடவி ஏறவேண்டி வந்தது. கையில் மன்றத்தின் கடிதம். கீழ்த்தளத்தில் இருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தை ஒரு குதிரைப் பந்தயக் கடைக்குக் கொடுப்பதென்ற தீர்மானம், செப்டெம்பர் கடைசியில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக்கு விடப்படும் என்று அதில் இருந்தது.

கடை போனால் இன்னொரு கடை. சண்முகராசா அப்படி எத்தனையோ இடம் எழும்பி வந்தவர். ஆனால் கடைச் சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. இணைப்பு மன்றத்தின் பேரில். கடையை விட்டால் அந்த நம்பரும் போய்விடும். வன்னியில் இருந்த தங்கை தவநாயகிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். எழுதி வைத்ததெல்லாம் ஓடிய வழியில் போயிருக்கும். சித்திரையில் கடைசியாகக் கதைத்தாள். வைகாசியில் சண்டை முடிந்தது. வவுனியா முகாமில் அவளைக் கண்டதாக எட்மண்டனில் ஒருவர் சொன்னார். அது வேறு ஆளாக இருக்கும் என்று செவன் கிங்ஸில் ஒருவர் சொன்னார். முகாம்களின் பெயர்ப் பட்டியல் என்று கைக்குக் கைமாறி வந்த எதிலும் அவள் பெயர் இல்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சண்முகராசா எண்ணெய்க் கையோடு ஓடுவார். நாற்பது வடை வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அவர் எழுதிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நகுலேஸ்வரி பார்ப்பதில்லை.

மேலே செயலாளரும் முதல் காப்பாளருமான மிஸ்டர் பெண்டில்பெரி எழுந்து நின்று வரவேற்றார். நீண்டு மெலிந்த மனிதர், கழுத்தில் மன்றத்தின் சின்னம் பதித்த ரை கட்டியிருந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை மேடைத் தமிழில்தான் சொல்லமுடியும். சண்முகராசாவின் ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழின் சாயலிலேயே இருந்ததால், அதை அப்படியே சொல்லிவிடலாம்.

"தங்கள்மீது எமக்குத் தனிப்பட்ட எந்த விரோதமும் இல்லை. மூன்று காப்பாளர்களும் தங்களின் றோல்ஸின் அபிமானிகள். ஆனால் எமது விருப்பத்துக்கு இங்கே இடமில்லை. இது மக்களாட்சி. மக்கள் தீர்மானிப்பார்கள்" என்றார் பெண்டில்பெரி.

"எந்த மக்கள்?"

பெண்டில்பெரி கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த பட்டியலைப் பக்தியோடு காட்டினார்.

"அவை செத்துப்போச்சினம் எல்லோ, சேர்."

"அதுதான் அவர்களின் சிறப்பு. உயிரோடிருக்கும் வாக்காளர் மனம் மாறுவார். நாளிதழைப் படித்துக் கெட்டுப்போவார். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கட்சி என்பார். எமது வாக்காளர்களின் உறுதியை நீங்கள் எந்த நாட்டிலும் காணமுடியாது."

சண்முகராசா யோசித்தார். ஊரில் செத்தவர்கள் வாக்குப் போடுவது அவருக்குப் புதிதல்ல. வேலணையில் அவருடைய பெரியப்பா செத்த பிறகு மூன்று தேர்தல்களில் விடியவே வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அதைச் செய்த பெடியள் ஒளித்துச் செய்தார்கள், பிடிபட்டால் வெட்கப்பட்டார்கள். இங்கே அதற்கு ஒரு கட்டடமும் ரையும் இருந்தன.

வாரத்துக்கு ஒருமுறை ஊக முடிவுகள் வெளியாகின. ஆராய்ச்சியைச் செய்தவர் மிஸ் ஹார்ட்கிறேவ் என்ற இரண்டாவது காப்பாளர். வியாழன் பின்னேரங்களில் அவர் முடிவுகளை வாசிக்க, சண்முகராசா எதிரே கதிரை நுனியில் இருந்து கேட்பார்.

"ஜோசையா கிறப். சொந்தக் காணி. பக்கத்துத் தோட்டத்துச் சீனர் பூண்டு பயிரிட்ட மணம் தாங்கமுடியவில்லை என்று ஆளுநருக்கு முறையிட்டவர். தங்களது வெங்காயம் பொரிக்கும் மணத்தையும் கணக்கிலெடுத்து, எதிராக வாக்களித்தார்."

"அவர் இஞ்சை வந்து மணக்கேல்லையே, அம்மா."

"ஊகித்து முகர்ந்தார்" என்றார் மிஸ் ஹார்ட்கிறேவ், கோபமே இல்லாமல். "அடுத்தவர் எபெனேசர் ட்ரொட். குத்தகைக் காணி. குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு. பந்தயக் கடைக்கு ஆதரவு, உங்களுக்கு எதிர். அடுத்தவர் பற்றிக் மகில். ஆடு மேய்க்கும் உரிமம். அயர்லாந்தில் நில உரிமையாளரால் குடிசையிலிருந்து எழுப்பப்பட்டவர். ஆகவே எவரையும் எழுப்புவதை விரும்பமாட்டார். உங்களுக்கு ஆதரவு."

சண்முகராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத அந்த ஆட்டு மேய்ப்பனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்த வாரமே பற்றிக் மகில் பின்னாளில் காணி வாங்கிவிட்டார் என்றும், வாங்கிய கையோடு அங்கே இருந்தவர்களை எழுப்பிவிட்டார் என்றும் தெரியவந்து, அந்த வாக்கும் மாறிவிட்டது.

"அங்கை இருந்தவை எண்டால் ஆர்?" என்று சண்முகராசா கேட்டார். "வெள்ளைக்காரர் வரமுதல் இருந்த சனமோ? அவையின்ரை பெயர் இந்த லிஸ்ற்றிலை எங்கை?"

"அவர்களிடம் காணி இருக்கவில்லை. காணி இல்லாதவர்கள் பட்டியலில் வரமுடியாது."

"அவையின்ரை காணி எங்கை போனது?"

"பட்டியலில் இருக்கிறதே" என்று பெயர்களுக்கு எதிரே இருந்த பத்தியைச் சுட்டிக்காட்டினார் மிஸ் ஹார்ட்கிறேவ். ஒரு நல்ல கேள்விக்கு நல்ல பதில் சொன்ன திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

ஆடி பிறந்தபோது எதிர் வாக்குகள் மலையாகக் குவிந்திருந்தன. சண்முகராசா சாப்பாட்டில் கைவைப்பதில்லை. றோல்ஸை எண்ணெயில் போட்டுவிட்டு மறந்துபோனார். செப்டெம்பருக்குப் பிறகு தங்கை அந்த நம்பரை அழுத்துவாள், பந்தயக் கடைக்காரன் எவனோ எடுத்துக் குதிரையின் பெயர் கேட்பான் என்று அவருக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள் நகுலேஸ்வரி. "மேலை இருக்கிற மூண்டு பேரோடை மல்லுக்கட்டி என்ன பலன்? வோட்டு அவையிட்டை இல்லையெல்லோ. வோட்டு வச்சிருக்கிறவையைப் பிடியுங்கோவன்."

"செத்தவையை நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

"செத்தவைக்குச் செய்யவேண்டியதைச் செய்து பிடிக்கிறது. புதன்கிழமை ஆடி அமாவாசை. அந்த லிஸ்ற்றிலை பொம்பிளை ஒருத்தியும் இல்லை, எல்லாம் ஆம்பிளையள். ஆரோ ஒருத்தற்றை அப்பன்மார்தானே. இவ்வளவு காலமாய் ஒருத்தராவது அதுகளுக்கு ஒரு பிடி சோறு படைச்சிருப்பினமோ? பசி வந்தால் மனிசருக்குக் கோவம் வரும். அதுதான் எல்லாரும் எதிராய்ப் போடுகினம்."

சண்முகராசா மனைவியை அண்ணாந்து பார்த்தார். ஒரு மாதமாகக் கேட்ட கதைகளில் இதுதான் முதல் புத்தியான கதையாக அவருக்குப் பட்டது.

அமாவாசையன்று நகுலேஸ்வரி தலை தோய்ந்துவிட்டு வந்து சமைத்தாள். யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு இல்லாமல் முடியாத காத்தோட்டிக்காய், கொழும்பிலிருந்து விமானமேறி ஹை ஸ்ட்ரீட்டில் வந்து இறங்கியிருந்தது. வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயசம், வடை. கடிதங்களை மேலே கொண்டுபோய் வைப்பதற்காக மன்றக் கதவின் திறப்பு ஒன்று சண்முகராசாவிடம் இருந்தது. காப்பாளர்கள் உள்ளே தங்கள் அறைகளிலிருந்து மண்டபத்துக்குப் பின்னேரம்தான் வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வாழையிலை விரித்துப் படைத்தார்கள். ஆட்டு வியாபாரிகள் வெறும் மரக்கறியோடு மனம் இளகுவார்களோ என்ற சந்தேகம் சண்முகராசாவுக்கு வந்ததால், விரதத்துக்குப் பங்கம் வராமல் தள்ளி ஒரு மேசையில் மட்டன் றோல்ஸ் ஒரு தட்டும் விஸ்கி ஒரு போத்தலும் வைத்தார்கள். காகத்துக்கென்று ஜன்னல் விளிம்பில் வைத்த சோற்றுக்குப் புறாதான் வந்தது.

சண்முகராசா பட்டியலைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயாமாரே, உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்களும் கடல் கடந்து போன சனம். ஊர் விட்டுப் போனவைக்கு ஒரு தகவல் வாறதுக்கு எவ்வளவு காலம் காத்திருக்கவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும். எங்களை எழுப்பிப்போடாதேங்கோ. ஒரு போன் வருமட்டும் எண்டாலும் விடுங்கோ."

செத்தவர்கள் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று முறைப்படி கதவைச் சாத்திவிட்டு இருவரும் கீழே வந்தார்கள். கடையில் மத்தியானச் சனம். மேலே போக நேரம் கிடைத்தபோது நன்றாகப் பின்னேரமாகிவிட்டது. இலைகள் வழித்துத் துடைத்தபடி இருந்தன. றோல்ஸ் தட்டு காலி. விஸ்கி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

நகுலேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் சண்முகராசாமீது குற்றச்சாட்டு வந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு வாக்காளர்களுக்கு உணவும் மதுவும் கொடுத்து அவர்களின் மனத்தைக் கலைக்க முயன்றார். தேர்தல் விருந்து என்ற இந்தக் குற்றம் பழைய காலனிச் சட்டங்களில் மிகப் பாரதூரமானது. விசாரணை ஆவணியில், மன்ற மண்டபத்தில். குற்றம் நிரூபணமானால் ஆண்டுக் கூட்டம்வரை காத்திராமல் உடனே எழுப்பலாம் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் மூன்றாவது காப்பாளர், சட்டத்தரணி மிஸ்டர் கிளட்டன். மற்ற இருவரும் இருபுறமும் இருந்தார்கள். கீழே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். தொலைபேசி அடித்தால் எடுக்க ஆளில்லை என்பதுதான் அவருக்கு முதல் பயம், குற்றச்சாட்டு இரண்டாவது.

"உணவு கொடுத்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றார் கிளட்டன்.

"படைச்சனான், சேர். அது எங்கட வழமை."

"லஞ்சம் எல்லா நாட்டிலும் வழமைதான். எதற்காகக் கொடுத்தீர்கள்?"

"எங்களிலை இரங்கவேணும் எண்டு."

"பதிந்துகொள்ளுங்கள், மிஸ் ஹார்ட்கிறேவ். நோக்கம் ஒப்புக்கொள்ளப்பட்டது."

சண்முகராசாவுக்கு அப்போது எங்கிருந்தோ ஒரு வெப்பம் ஏறியது. அறுபது வயதுக்கு மேல் அடங்கிப்போனது என்று அவர் நினைத்திருந்த கோபம். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"என்ரை கூடப்பிறந்தவள் ஒருத்தி உயிரோடை இருக்கிறாளோ இல்லையோ தெரியாது. அவளின்ரை பெயரை நான் தேடாத லிஸ்ற் இல்லை. ஒண்டிலையும் இல்லை. நீங்கள் செத்து மண்ணாய்ப் போனவையின்ரை பெயரைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வச்சுப் பவுடர் பூசுறியள். அவள் கூப்பிடக்கூடிய நம்பர் ஒண்டே ஒண்டு, அது கீழை இருக்கு. அதை ஒரு குதிரைக்காரனுக்குக் குடுக்கப் பாக்கிறியள். நீங்கள் மனிசரோ?"

மிஸ் ஹார்ட்கிறேவ் பேனையைத் தூக்கி, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"அந்தப் பெண்மணி காணி உடையவரா?"

சண்முகராசா தள்ளிய கதிரையை இழுத்து இருந்துவிட்டார்.

கிளட்டன் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி, கொடுத்தது மட்டும் போதாது. உணவு உட்கொள்ளப்பட்டிருக்கவேண்டும். அது மறைந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் திருப்பி எடுத்தாரா?"

"படைச்சதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையிலை விக்கிறதோ?" என்று நகுலேஸ்வரி சீறினாள். "நாங்கள் வர முதலே இலை காலி." பிறகு அவள் பார்வை செயலாளரின் நெஞ்சில் போய் நின்றது. "உங்கட ரையிலை அது என்ன, மிஸ்டர் பெண்டில்பெரி?"

"மன்றத்தின் சின்னம்."

"அதுக்குக் கீழை, மஞ்சளாய்."

பெண்டில்பெரி ரையைப் பார்க்கவில்லை. மிஸ் ஹார்ட்கிறேவ் கூரையைப் பார்த்தார். கிளட்டன் சாசனத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். வாக்காளருக்குரியதை உட்கொள்ளும் காப்பாளர் அக்கணமே பதவி இழப்பார் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. பதவி போனால் மேல்மாடியில் இருக்கும் மூன்று இலவச அறைகளும் போகும்.

"காப்பாளர்கள் உண்டார்கள் என்ற சாத்தியம் ஒழுங்குவிதிகளுக்கு அமைவானதல்ல" என்றார் கிளட்டன் கடைசியில். "ஆகவே அது நடக்கவில்லை. எஞ்சியிருப்பது ஒன்றுதான். வாக்காளர்கள் உண்டார்கள்."

"ஏகமனதாக" என்றார் பெண்டில்பெரி அவசரமாக.

"அனைவருமா?" என்று கேட்டார் மிஸ் ஹார்ட்கிறேவ்.

"மிச்சம் ஏதாவது இருந்ததா?" என்றார் கிளட்டன்.

"ஒரு பருக்கைகூட இல்லை" என்றார் பெண்டில்பெரி. அதை அவர் சற்று அதிக நிச்சயத்தோடுதான் சொன்னார்.

"அப்படியானால் அனைவரும்."

தீர்ப்பு எழுதி ஒப்பமிட்டார்கள். பிறகு தண்டனைப் பகுதியை வாசிக்கையில்தான் கிளட்டனின் குரல் கம்மியது. விருந்து கொடுத்தவர் தேர்தலில் நிற்பவராக இருந்தால் மட்டுமே அவருக்குத் தண்டனை. சண்முகராசா எதிலும் நிற்கவில்லை. ஆனால் விருந்துண்ட வாக்காளர், தீர்ப்போடு பட்டியலிலிருந்து நீங்குவார். அதற்கு அழைப்பும் தேவையில்லை, முன்னிலையும் தேவையில்லை.

நூற்றைம்பது வருசம் சாவினால் முடியாததை நகுலேஸ்வரியின் காத்தோட்டிக்காய்க் கறி ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டது. முறம்பூலாவில் ஒரு வாக்காளரும் இல்லை.

மூன்று காப்பாளர்களும் கடைக்குள் இறங்கி வந்தது செப்டெம்பர் கூட்டத்துக்குச் சற்று முன்பு. அப்படி மூவரும் ஒன்றாக இறங்கி வந்ததை அந்தத் தெருவில் எவரும் கண்டதில்லை. வாக்காளரே இல்லையென்றால் மன்றம் இல்லை, மன்றம் இல்லையென்றால் கட்டடம் அரசாங்கத்துக்குப் போய்விடும். ஒரே ஒரு வாக்காளராவது வேண்டும். தகுதி மாறவில்லை. இருபத்தொரு வயது கடந்த ஆணாகவும், மன்னரின் ஆட்சிப்பகுதியில் பிறந்தவராகவும், முறம்பூலாவில் குத்தகைக் காணியாவது உடையவராகவும் இருக்கவேண்டும்.

"தாங்கள் எப்போது பிறந்தீர்கள்?" என்றார் கிளட்டன்.

"நாப்பத்தாறிலை. வேலணையிலை."

"அப்போது இலங்கை மன்னரின் காலனி. பொருத்தம்."

"முறம்பூலாவிலை எனக்கு ஏது காணி?"

"மன்றத்தின் கட்டடம் எங்கே இருந்தாலும் அது முறம்பூலா மண்ணாகவே கருதப்படும் என்று சாசனம் சொல்கிறது. தாங்கள் இத்தனை காலமும் முறம்பூலாவில்தான் வடை சுட்டிருக்கிறீர்கள்."

சண்முகராசா நகுலேஸ்வரியைப் பார்த்தார். "அப்ப நானும் வெள்ளைக்காரனோ?"

"அப்படியொன்றும் இல்லை. வாக்காளர்" என்றார் பெண்டில்பெரி.

அவர் பெயரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பட்டியலின் கடைசியில் மையால் எழுதினார்கள். வாழ்நாளில் எந்த நாட்டிலும் இவ்வளவு மரியாதையாக அவர் பெயரை எவரும் எழுதியதில்லை. எழுதி முடித்த கையோடு, கீழ்த்தளத்தாரை எழுப்பும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. வைத்த தீர்மானத்தைத் திரும்பப் பெறவும் வாக்காளர்களின் பெரும்பான்மை வேண்டுமாம்.

"நான் எதிர்" என்றார் சண்முகராசா. "என்னை நான் எழுப்பமாட்டன்."

"மன்னிக்கவேண்டும்" என்றார் கிளட்டன் சங்கடத்தோடு. "உயிரோடிருக்கும் வாக்காளர் உரிய வாக்குச்சாவடியில் நேரில் வாக்களிக்கவேண்டும். அது முறம்பூலாவில் கம்பளி வெட்டும் கொட்டகை. அது இப்போது ஒரு நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது."

"அப்ப அந்த ஊகிக்கிறதை எனக்கும் செய்யுங்கோவன்."

"இயலாது. ஊகித்த விருப்பம், மரணத்தால் வரமுடியாதவர்களுக்கு மட்டுமே. தாங்கள் இறந்த பின்பு எவ்வித தாமதமும் இல்லாமல் தங்களது விருப்பத்தைக் கண்டறிவோம்."

சண்முகராசாவின் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கைதானா என்று நினைத்தார். நகுலேஸ்வரிதான் மெதுவாகக் கேட்டாள்:

"மன்றம் தீர்மானிக்காதது எல்லாம் என்னவாகும் எண்டு சொன்னனீங்கள்?"

"இருந்தபடியே இருக்கும்."

"அப்ப இவர் சாகுமட்டும் ஒருத்தராலையும் ஒண்டும் தீர்மானிக்கேலாது."

கிளட்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து மன்றம் சண்முகராசாவின் சாவுக்காக மிக மரியாதையாகக் காத்திருந்தது. பெண்டில்பெரி காலையும் பின்னேரமும் கடைக்கு வந்தார். தேத்தண்ணி வாங்கினார். சலரோகத்துக்குச் சீனி கூடியிருக்கிறதா, நித்திரை வருகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்தார். இவ்வளவு அன்பாக யாரும் விசாரித்ததில்லை என்று சண்முகராசாவுக்கே தோன்றியது. மாடிப்படி மின்குமிழைத் தன் செலவிலேயே போட்டுத்தருவதாகச் சண்முகராசா சொல்லிப்பார்த்தார். வாக்காளர் இறக்கும்வரை இருட்டு தொடரவேண்டும் என்று பதில் வந்தது.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. முகாம் கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சண்முகராசா தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்து வெங்காயம் உரித்தார். வடைக்குச் சொன்னார்கள், றோல்ஸுக்குச் சொன்னார்கள், பிழையான நம்பர் என்று வைத்தார்கள்.

டிசெம்பரில் ஒரு காலை, பெண்டில்பெரி முதல் தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சண்முகராசா எடுத்தார். முதலில் இரைச்சல். பிறகு தூரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அண்ணை…"

சண்முகராசா எழும்பப் பார்த்தார். முக்காலி சரிந்தது. வெங்காயங்கள் உருண்டோட, சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துகொண்டு ஒரு கையால் நெஞ்சைப் பொத்தினார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பெண்டில்பெரி தேத்தண்ணியை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனையையும் மன்றத்தின் படிவம் ஒன்றையும் எடுத்து, அவருக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினார்.

"திரு. சண்முகராசா" என்றார் கனிவாக. "இறுதி விருப்பம் ஏதாவது?"

"அண்ணை, இருக்கிறியளோ?" என்று தொலைபேசிக்குள் தவநாயகி அழுதாள். "அண்ணை, ஆராவது இருக்கிறியளோ?"

"இருக்கிறன்" என்றார் சண்முகராசா. பிறகு தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "ஓம் பிள்ளை, இருக்கிறன், நான் இஞ்சைதான் இருக்கிறன்!"

பெண்டில்பெரி தலையை உயர்த்தி நகுலேஸ்வரியைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நகுலேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கடையின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சூடான றோல் ஒன்றைக் கடதாசியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இருக்கிறாராம்" என்றாள். "எழுதிக்கொண்டு போங்கோ."